கிள்ளானில் நடப்பது யாருடைய சட்டம்?

மலேசியச் சட்டத்தில் ஒரு தேதி எழுபது ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது: 7 ஏப்ரல் 1956. எழுதப்பட்ட சட்டம் வழிகாட்டாத விஷயங்களில், அந்த நாளில் இங்கிலாந்தில் நடைமுறையிலிருந்த பொதுச் சட்டத்தையும் ஈக்விட்டி எனப்படும் நியாய நெறிகளையும் தீபகற்ப மலேசியாவின் நீதிமன்றங்கள் பின்பற்ற வேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 3ஆவது பிரிவு. சபாவுக்கு அந்தத் தேதி 1 டிசம்பர் 1951. சரவாக்குக்கு 12 டிசம்பர் 1949. நாடு விடுதலை பெற்றது 31 ஆகஸ்ட் 1957இல். பிரிவு இன்னும் நீக்கப்படவில்லை.

இது ஏட்டில் மட்டும் கிடக்கும் விதி அன்று. சிலாங்கூரின் கிள்ளான் துறைமுகச் சாலையில் ஒரு லாரி மோதி ஒருவர் காயமடைந்தால், ஓட்டுநர் எவ்வளவு கவனத்தோடு நடந்திருக்க வேண்டும் என்பதை நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் எதுவும் முழுமையாகச் சொல்வதில்லை. ஸ்காட்லாந்தில் இஞ்சிபீர் புட்டிக்குள் கிடந்த நத்தையைப் பற்றிய 1932ஆம் ஆண்டு வழக்கிலிருந்து வளர்ந்த கோட்பாடே அங்கு பேசும். அப்படியானால் இந்நாட்டுச் சட்டத்தை யாருடைய சட்டம் என்பது? ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக நீதிபதிகளும் அறிஞர்களும் இதற்கு வெவ்வேறு பதில்கள் தந்து வருகிறார்கள்.

பினாங்கின் பதில்

முதல் பதில் பினாங்குத் தீவிலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1786இல் பிரான்சிஸ் லைட் கைப்பற்றிய அத்தீவுக்கு 1807இல் அரச சாசனம் ஒன்று நீதிமன்றம் அமைத்துத் தந்தது. 1826இன் இரண்டாவது சாசனம் மலாக்காவையும் சிங்கப்பூரையும் சேர்த்துக்கொண்டது. 1858இல் நீதிபதி பென்சன் மேக்ஸ்வெல், 1826இல் இங்கிலாந்தில் இருந்த சட்டம் அந்தச் சாசனத்தோடு இங்கே வந்து சேர்ந்தது என்று தீர்ப்பளித்தார். பினாங்கு விட்டுக்கொடுக்கப்பட்ட நிலமா, குடியேறிய நிலமா என்ற கேள்வி முக்கியமில்லை என்று 1875இல் காலனிகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் கூறிவிட்டது. இடம் வெறுமையாக இருந்தது, சட்டம் வந்து நிரப்பியது என்பதே இதன் சாரம்.

ஆங்கிலச் சட்டத்தை உள்ளூர் மதத்துக்கும் வழக்கத்துக்கும் ஏற்பத் தளர்த்திப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே இருந்தது. தளர்த்தியது எவ்வளவு என்பதை அதே 1875 வழக்கு காட்டுகிறது. சீனப் பெண்மணி ஒருவர் தம் உயிலில் முன்னோர் வழிபாட்டுக்காக ஒரு வீட்டை ஒதுக்கியிருந்தார். ஆங்கில அளவுகோலில் அது அறக்கொடையாக நிற்கவில்லை. ஏற்பாடு செல்லாது என்றாயிற்று. எந்த வழக்கத்துக்கு இடமளிப்பது என்பதை வழக்கத்துக்குரியவர்கள் முடிவு செய்யவில்லை, நீதிபதி முடிவு செய்தார். இந்தப் பதிலின் பெரிய பலவீனம் இதுதான். கெடா சுல்தானகத்துக்குச் சட்டத் தொகுப்பு இருந்தது, மலாக்காவுக்கும் இருந்தது. வெறுமை என்ற கருத்து அவற்றைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சென்னை மாகாணத்திலும் இதே சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. அங்கே ஆங்கிலேயர் இந்துக்களுக்கு இந்துச் சட்டத்தையே தருவதாகச் சொன்னார்கள். நடைமுறையில் அது பெரும்பாலும் சமஸ்கிருத நூல்களின் சட்டமாக இருந்தது. மதுரைப் பகுதியில் பணியாற்றிய ஜே. எச். நெல்சன் 1877இல் ஒரு நூலே எழுதி, தமிழ்ச் சாதிகள் ஒருபோதும் அறியாத விதிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் மேல் சுமத்துவதாகக் குற்றம் சாட்டினார். தெளிவாக நிறுவப்பட்ட வழக்கம் நூல்விதியை வெல்லும் என்று இராமநாதபுரம் வழக்கில் 1868இலேயே பிரிவி கவுன்சில் சொல்லியிருந்தது. வழக்கத்தை நிறுவும் செலவும் சுமையும் மட்டும் குடிமக்கள் தலையில் விழுந்தன. யாழ்ப்பாணத்தில் நடந்ததோ வேறு. டச்சு ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை எனும் வழக்கச் சட்டத்தை ஆங்கிலேயர் 1806இல் ஒழுங்குவிதியாகவே ஏற்றார்கள். இலங்கையின் பொதுச் சட்டமாக ரோமன்-டச்சுச் சட்டம் நீடித்தது. பேரரசு ஒன்றே, ‘வந்து சேர்ந்த’ சட்டம் ஊருக்கு ஊர் வேறு.

சிலாங்கூரின் கதை

பினாங்கின் வாதத்தை அப்படியே கிள்ளானுக்குக் கொண்டுவர முடியாது. கிள்ளான் போரின் முடிவில், 1874இல் சிலாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் அமர்ந்தார். ஆனால் சட்டப்படி அது சுல்தானின் இறையாண்மைக்குட்பட்ட மாநிலமாகவே நீடித்தது. ஆங்கிலச் சட்டத்தை இறக்கும் சாசனம் எதுவும் வரவில்லை. சிலாங்கூர் அடங்கிய கூட்டு மலாய் மாநிலங்களுக்கு ஆங்கிலப் பொதுச் சட்டம் முறைப்படி வந்தது 1937இல்தான்; மற்ற மலாய் மாநிலங்களுக்கு 1951இல்.

இடைப்பட்ட அறுபது ஆண்டுகள்? லண்டனில் படித்த நீதிபதிகள் தங்களுக்குத் தெரிந்த நெறிகளைப் பயன்படுத்தினார்கள். பெயரை மட்டும் சொல்லவில்லை. 1933இல் மோட்டார் எம்போரியம் எதிர் ஆறுமுகம் வழக்கில் நீதிபதி டெரல் இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். இங்கே ஈக்விட்டி விதிகள் கடைப்பிடிக்கப்படுவது அவை இங்கிலாந்தின் விதிகள் என்பதற்காக அன்று, இயற்கை நீதிக்கு இசைந்தவை என்பதற்காக என்பது அவர் தந்த விளக்கம். சாமர்த்தியமான வாதம்தான். ஆனால் இயற்கை நீதி எப்போதும் லிங்கன்ஸ் இன் நூலகத்தின் சாயலிலேயே தென்பட்டது தற்செயல் என்று நம்புவது கடினம்.

நிலத்தில் மட்டும் அந்தப் பழக்கத்துக்குத் தடை விழுந்தது. 1891இல் சிலாங்கூர் ஏற்ற நிலப் பதிவு முறை தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858இல் பிறந்த டாரன்ஸ் முறை. பதிவேட்டில் உள்ள பெயரே உரிமை. ஹாஜி அப்துல் ரஹ்மான் எதிர் முகமது ஹசன் என்ற சிலாங்கூர் வழக்கில், முற்றிலும் வேறான நிலச் சட்டம் கொண்ட ஊரில் ஆங்கில ஈக்விட்டியால் உள்ளூர் நீதிபதிகள் அளவுக்கு மீறி ஈர்க்கப்பட்டுவிட்டார்கள் என்று 1917இல் பிரிவி கவுன்சில் கண்டித்தது. மலாயா நீதிபதிகளை ‘இவ்வளவு ஆங்கிலேயராக இருக்காதீர்கள்’ என்று லண்டன் கண்டிக்க வேண்டியிருந்தது! கிட்டங்கிகளில் ‘கிராண்ட்’ எனப்பட்ட நிலப் பத்திரத்தைப் பிணையாக வாங்கிக்கொண்டு கடன் கொடுத்த செட்டியார்களுக்கு இது ஏட்டு விவாதமாக இருந்திருக்காது. இன்றும் ஆங்கில நில உடைமைச் சட்டம் எதுவும் மலேசியாவுக்குள் வராது என்று சிவில் சட்டத்தின் 6ஆவது பிரிவு தடுக்கிறது. 1966இல் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டத் தொகுப்பு தன்னளவில் நிறைவானது என்றும் பிரிவி கவுன்சில் 1984இல் கருதியது.

கல்கத்தா வழியாக வந்த பாதி

இரண்டாவது பதில் கேள்வியையே திருத்தச் சொல்கிறது. மலேசியச் சட்டத்தின் முதுகெலும்பு இங்கிலாந்தின் எழுதப்படாத சட்டம் என்பதைவிட, பிரிட்டிஷ் இந்தியாவில் எழுதித் தொகுத்த சட்டங்கள் என்பதே பொருந்தும் என்று இந்தத் தரப்பு வாதிடுகிறது. சான்றுகள் வலுவானவை. மெக்காலே குழு 1837இல் வரைந்து, 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம் 1871இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் சட்டமாயிற்று; இன்றைய மலேசியத் தண்டனைச் சட்டத் தொகுப்பு அதன் வாரிசு. 1950இன் ஒப்பந்தச் சட்டமும் சாட்சியச் சட்டமும் 1872இன் இந்தியச் சட்டங்களின் வழிவந்தவை. அரசமைப்பின் அடிப்படை உரிமைப் பகுதியிலும் இந்திய அரசமைப்பின் சாயல் தெளிவு.

இதனால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. கிள்ளான் வணிகர் 1899 முதல் இந்திய மாதிரி ஒப்பந்தச் சட்டத்தின்கீழ் இருந்தார். பினாங்கு வணிகருக்கு 1974 வரை ஆங்கில ஒப்பந்தச் சட்டம். அதன் சுவடு இன்னும் முழுதாக மறையவில்லை. எழுதப்பட்ட சட்டம் இல்லாத வணிக விஷயங்களில், சிவில் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி, சிலாங்கூருக்கு 1956இன் ஆங்கில வணிகச் சட்டம்; பினாங்குக்கும் மலாக்காவுக்கும் வழக்கு எழும் காலத்து ஆங்கிலச் சட்டம்.

வயதுக்கு வராதவர் செய்யும் ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று கல்கத்தா வழக்கொன்றில் 1903இல் பிரிவி கவுன்சில் சொன்னது மலாயாவிலும் சட்டமானது. இங்கிலாந்தின் சொந்த விதி அவ்வளவு கடுமையானதன்று. ‘ஆங்கிலச் சட்டம்’ என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவோர் இந்த வேறுபாட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இந்தத் தரப்புக்கும் குறைகள் உண்டு. தொகுப்பு எழுதிய கைகள் ஆங்கிலேயருடையவை; தொகுப்பின் சொற்களுக்குப் பொருள் காண நீதிபதிகள் மறுபடியும் லண்டன் தீர்ப்புகளையே புரட்டினார்கள். இந்தியா 1 ஜூலை 2024 அன்று தண்டனைச் சட்டத்தையும் சாட்சியச் சட்டத்தையும் புதிய சட்டங்களால் மாற்றிக்கொண்டது. தாய்வீட்டில் பெயர் மாறிய பின்னும் மெக்காலேயின் நூல் பழைய பெயரோடும் பிரிவு எண்களோடும் கோலாலம்பூரில் புழங்குகிறது.

மண்ணின் சட்டம்

மூன்றாவது தரப்பு, இங்கே ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது என்று தொடங்குகிறது. இஸ்லாமியச் சட்டம் வெளிநாட்டுச் சட்டம் அன்று, அது மண்ணின் சட்டம், நீதிமன்றம் அதைத் தானாகவே அறிந்திருக்க வேண்டும் என்று 1927இல் ரமா எதிர் லாட்டோன் வழக்கில் கூட்டு மலாய் மாநிலங்களின் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. சிங்கப்பூரின் சட்டத்துறைத் தலைவராக இருந்து, 1972இல் மலாயாப் பல்கலைக்கழகச் சட்டப் புலத்தைத் தொடங்கிவைத்த பேராசிரியர் அகமது இப்ராகிம் இந்தத் தீர்ப்பின் மேல் ஒரு வாழ்நாள் வாதத்தைக் கட்டினார்: சட்டத்தின் இடைவெளியை நிரப்ப இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை, இஸ்லாமிய நீதிநெறி போதும். 2007 ஆகஸ்டில், அவருடைய சிந்தனை குறித்த கருத்தரங்கொன்றில், அப்போதைய தலைமை நீதிபதி அகமது ஃபைருஸ் ஆங்கிலப் பொதுச் சட்டத்தைக் கைவிடலாம் என்று பேச, வழக்கறிஞர் மன்றத் தலைவராக இருந்த அம்பிகா சீனிவாசன் மறுப்புத் தெரிவித்தார்.

மறுதரப்பு பெரும்பாலும் 1988இன் சே ஒமார் வழக்கை முன்வைக்கிறது. அரசமைப்பின் 3ஆவது விதி இஸ்லாத்தைக் கூட்டரசின் மதம் என்று சொன்னாலும் நாட்டின் சட்டங்கள் சமயச்சார்பற்றவை என்று அதில் தலைமை நீதிபதி சாலே அபாஸ் எழுதினார். அதே தீர்ப்பு, காலனி ஆட்சியே இஸ்லாமியச் சட்டத்தைத் திருமணம், வாரிசுரிமை என்று குறுகச் செய்தது என்ற வரலாற்றையும் சொல்கிறது. இரு தரப்பும் தத்தமக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொள்கின்றன. ‘மண்ணின் சட்டம்’ வாதத்தின் உண்மையான சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர்களின் வழக்கங்களுக்கு அது என்ன இடம் தரும் என்பது தெளிவாக விளக்கப்பட்டதில்லை. அந்த வழக்கங்களையும் அரசு ஏற்கெனவே பெருமளவு சட்டத்துக்குள் மடக்கிவிட்டது. 1 மார்ச் 1982இல் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டம் இந்து, சீன வழக்கப் பலதார மணத்தை முடித்துவைத்துப் பதிவைக் கட்டாயமாக்கியது. ரயில்வே வேலைக்கு வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்று உயில் இல்லாமல் இறந்தால், சொத்து 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி பிரியும்; தேசவழமை சொல்லும் முதுசம் எனும் பரம்பரைச் சொத்துக்கும் தேடியதேட்டம் எனும் மணவாழ்வில் ஈட்டிய சொத்துக்கும் அங்கே தனி இடமில்லை.

நெருக்கடிக் காலத்தின் பாரம்பரியம்

பொதுச் சட்டத்தைப் போற்றுவோர் அதைச் சட்டத்தின் ஆட்சி என்ற கொடையாகக் காண்கிறார்கள். பொருளியலாளர்களிடமும் இதற்கொரு வடிவம் உண்டு: லா போர்ட்டாவும் உடன் ஆய்வாளர்களும் 1998இல், பொதுச் சட்ட மரபு நாடுகள் முதலீட்டாளரை மேலாகப் பாதுகாக்கின்றன என்று வாதிட்டு மலேசியாவையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். எழுதப்பட்ட இந்தியத் தொகுப்புகளும் டாரன்ஸ் பதிவேடும் நடுவே நிற்கும் நாட்டை ஒரே சொல்லில் வகைப்படுத்தியது அந்த ஆய்வின் பலவீனம்.

தோட்டப்புற வரலாறு இந்தக் கொடையின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் மே மாதம் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. 1948இன் அவசரகால ஒழுங்குவிதிகளின்கீழ், துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காகத் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 4 மே 1949 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஆட்கொணர்வு மனுவும் விசாரணையில்லாக் காவலும் ஒரே அரசிடமிருந்து, ஒரே காலத்தில் வந்தவை. 1960இன் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டாவது மரபைச் சுதந்திர நாட்டுக்குள் கொண்டுவந்தது. 2012இல்தான் அது நீக்கப்பட்டது. எழுதப்பட்ட சட்டம் வந்தால் பொதுச் சட்டம் ஒதுங்கும் என்பது அடிப்படை விதி. ஆகவே பொதுச் சட்டத்தின் உரிமைக் காப்பு, நாடாளுமன்றம் அனுமதிக்கும் அளவுக்கே நீளும். கொடை வாதம் இதை அடக்கியே வாசிக்கிறது.

உள்ளூரில் வளர்ந்தது

கடந்த நாற்பது ஆண்டுகளில் நான்காவது பதில் ஒன்று உருவாகியிருக்கிறது: மலேசியாவுக்கென்று ஒரு பொதுச் சட்டம். குற்றவியல், அரசமைப்பு வழக்குகளில் பிரிவி கவுன்சில் மேல்முறையீடு 1978லும், சிவில் வழக்குகளில் 1985லும் நின்றது. ஜூரி முறை 1995இல் போயிற்று. 1956க்குப் பின் இங்கிலாந்தில் வளர்ந்த நெறிகள் கட்டுப்படுத்தா; ஆனாலும் விரும்பினால் ஏற்கலாம் என்று நீதிமன்றங்கள் கொண்டன. அயல்நாட்டு அரசின் விலக்குரிமை பற்றிய 1990ஆம் ஆண்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் பிந்தைய கோட்பாட்டை ஏற்றது.

இந்தப் பதிலுக்கு மிக நல்ல சான்று சிலாங்கூரிலேயே, டெங்கிலில் இருக்கிறது. விமான நிலைய நெடுஞ்சாலைக்காக 1990களில் புக்கிட் தம்போய் கிராமத்துத் தெமுவான் பூர்வகுடியினர் நிலத்தை இழந்தார்கள். மரங்களுக்கும் வீடுகளுக்கும் இழப்பீடு கிடைத்தது. நிலத்துக்குக் கிடைக்கவில்லை, ஏனெனில் பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லை. சாகோங் தாசி எதிர் சிலாங்கூர் அரசு என்ற அந்த வழக்கில், தலைமுறைகளாகக் குடியிருந்து பண்படுத்தியதால் எழுந்த உரிமையைப் பொதுச் சட்டம் அறியும் என்று ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. 2005இல் நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதிய மேல்முறையீட்டுத் தீர்ப்பு அதை உறுதி செய்தது. ஜொகூரின் அடோங் வழக்கில் 1997லேயே இதற்கு வழி திறந்திருந்தது. அதற்குத் துணை நின்றது ஆஸ்திரேலியாவின் 1992ஆம் ஆண்டு மாபோ தீர்ப்பு. 1956இன் இங்கிலாந்தில் தேடினால் இந்த உரிமை இந்த வடிவில் கிடைத்திருக்காது. டாரன்ஸ் பதிவேடும் மாபோவும் ஒரே கண்டத்திலிருந்து வந்தவை. முதலாவது மூடிய வாசலை இரண்டாவது திறந்தது.

அரசமைப்பிலும் இதே போக்கு. இந்தியாவின் கேசவானந்த பாரதி தீர்ப்பில் 1973இல் பிறந்த, அரசமைப்பின் அடித்தளத்தை நாடாளுமன்றம் திருத்தத்தாலும் அழிக்க முடியாது என்ற அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டை 1977இல் லோ கூய் சூன் வழக்கில் மலேசிய நீதிபதிகள் ஏற்கவில்லை. 2010இல் சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அதன் பக்கம் திரும்பியது. செமினியில் நிலம் எடுக்கப்பட்ட நிறுவனமொன்றின் வழக்கில், இழப்பீட்டை மதிப்பீட்டாளர்கள் முடிவு செய்வது நீதித்துறை அதிகாரத்தைப் பறிப்பதாகும் என்று 2017இல் அது தீர்ப்பளித்தது. 2018 ஜனவரியில் இந்திரா காந்தி என்ற மலேசியத் தாயின் வழக்கில், பிள்ளைகளின் மதமாற்றத்துக்குத் தாய் தந்தை இருவரின் ஒப்புதலும் வேண்டும் என்றது. எதிர்க் குரலும் அடங்கவில்லை. 2021இல் மரியா சின் அப்துல்லா வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் அந்தக் கோட்பாட்டை நிராகரித்தார்கள். அடுத்த ஆண்டே தினேஷ் தனபால் வழக்கில் நீதிமன்றம் மறுபடி முந்தைய பாதைக்கு வந்தது. அமர்வுக்கு அமர்வு மாறும் கோட்பாட்டை ‘மலேசியப் பொதுச் சட்டம்’ என்று அழைப்பது சற்று அவசரமாகவே படுகிறது.

வகுப்பறையில்

கோட்பாடு எதுவானாலும், வழக்கறிஞர்கள் உருவாகும் வழி இன்னும் லண்டனைத் தொட்டே செல்கிறது. 1972க்கு முன் மலாயா மாணவருக்கு உள்நாட்டில் சட்டப் புலமே இல்லை. 1984இல் வந்த சி.எல்.பி. எனும் தகுதித் தேர்வு அயல்நாட்டுப் பட்டதாரிகளை உள்ளூர்த் தொழிலுக்குள் அனுமதிக்கும் கதவாயிற்று. பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் தனியார் கல்லூரிகள் தழைத்தன. லண்டன் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு அங்கே கோலாலம்பூரிலிருந்தபடியே படிக்கலாம். வெளிநாட்டுப் படிப்புக்குக் குடும்பத்தால் செலவழிக்க முடியாத எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பாதை பயன்பட்டது. அதன் விலை, ஆங்கில ஒப்பந்தச் சட்டத்தை முதலில் ஊன்றிப் படித்துவிட்டு 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்னர் கற்பது. நீதிபதிகள் சட்டத் தொகுப்பை ஆங்கிலக் கண்ணாடி போட்டு வாசித்த பழக்கத்துக்கும் இந்தப் படிப்பு வரிசைக்கும் தொடர்பு இருக்கக்கூடும்.

தீராதவை

இந்த நான்கு பதில்களில் எதுவும் தனித்து நிற்பதில்லை. பினாங்கின் பதில் சிலாங்கூருக்குப் பொருந்தாது. தொகுப்பு வாதம் லாரி விபத்துக்கு உதவாது. மண்ணின் சட்டம் என்ற வாதம் யாருடைய மண் என்ற கேள்வியில் தடுமாறுகிறது. சிவில் சட்டத்தின் 3ஆவது பிரிவை நீக்கினால் என்ன ஆகும் என்ற அச்சம் சற்று மிகையானது. சிங்கப்பூர் 1993இல் ஆங்கிலச் சட்டப் பயன்பாட்டுக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, அதுவரை வந்து சேர்ந்ததைத் தன்னுடையதாக அறிவித்து, எந்த ஆங்கிலச் சட்டங்கள் தொடரும் என்று பட்டியலும் போட்டுவிட்டது. நீதிமன்றங்கள் அங்கே நிலைகுலைந்துவிடவில்லை. மலேசியாவிலும் தேதி பெரும்பாலும் சம்பிரதாயமாகிவிட்டது. ஆங்கிலப் பொதுச் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று மேடையில் நடக்கும் சண்டை, அதனால், அதன் அளவுக்கு மீறிய இடத்தைப் பிடித்திருக்கிறது.

கடினமான கேள்வி இடைவெளியை நிரப்பும் அதிகாரம் யாருக்கு என்பது. ஷரியா நீதிமன்றங்களின் அதிகாரத்துக்குட்பட்டவற்றில் சிவில் நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று 1988இல் அரசமைப்பில் சேர்ந்த 121(1A) விதி சொல்கிறது. அதே திருத்தம், நீதித்துறை அதிகாரம் உயர் நீதிமன்றங்களிடம் இருக்கிறது என்ற வாசகத்தையும் எடுத்தது. கணவர் மதம் மாறியபின் சிவில் நீதிமன்றத்துக்கும் ஷரியா நீதிமன்றத்துக்கும் நடுவே சிக்கிய தமிழ்த் தாய்மார்களின் வழக்குகள் இந்த எல்லைக்கோட்டில் எழுந்தவை. கிளந்தானின் 16 ஷரியா குற்றப் பிரிவுகளைக் கூட்டரசு நீதிமன்றம் 9 பிப்ரவரி 2024 அன்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் செல்லாதென்றது மாநிலச் சட்டமன்றத்தின் எல்லையைப் பற்றியது. இரு நீதிமன்றங்களுக்கு இடையிலான எல்லையை அது தீர்த்துவிடவில்லை.

வழக்கத்தின் நிலையும் அப்படியே. அரசமைப்பின் 160ஆவது விதி ‘சட்டம்’ என்பதில் எழுதப்பட்ட சட்டத்தையும், நாட்டில் நடப்பிலுள்ள பொதுச் சட்டத்தையும், சட்ட வலிமையுள்ள வழக்கத்தையும் ஒன்றாகவே சேர்க்கிறது. டெங்கில் தெமுவான்கள் குடியிருந்த நிலத்துக்கு வென்றார்கள். ஆனால் சரவாக்கில் இபான் மக்கள் வேட்டைக்கும் காட்டுப் பொருள்களுக்கும் நம்பியிருந்த காட்டுப் பரப்பு பற்றிய வழக்கத்துக்குச் சட்ட வலிமை இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2016 டிசம்பரில் முடிவு செய்தது. குடியிருப்பைத் தாண்டி உணவு தேடலும் வேட்டையும் நடந்த நிலம் எவ்வளவு தூரம் பொதுச் சட்டத்துக்குள் வரும் என்பதில் தீபகற்பத் தீர்ப்புகளும் ஒரே அளவைச் சொல்வதில்லை.